பழைய ரேஞ்சருக்கு வேறு தொட்டி

மிச்சிகனில் பழைய பிக்கப் வண்டி வைத்திருப்பவர்கள் இருவர் சந்தித்துக்கொண்டால் இன்ஜினைப் பற்றிப் பேசுவது குறைவு. துருவைப் பற்றித்தான் பேச்சு ஓடும். என் 1998 ஃபோர்டு ரேஞ்சரின் 3.0 லிட்டர் வி6 இன்ஜின் இன்றும் சாவியைத் திருப்பியவுடன் கிளம்பிவிடுகிறது. கியர் பெட்டியிலும் குறை இல்லை. ஆனால் பின்சக்கரங்களுக்கு மேலே இருக்கும் வளைவுத் தகடுகள் இரண்டும் அரித்து உதிர்ந்துவிட்டன. சரக்குத் தொட்டிக்குள் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையைத் தூக்கிப் பார்த்தபோது, முன்சுவரை ஒட்டிய தரையில் இருந்த ஓட்டை வழியாகப் பெட்ரோல் டேங்கே தெரிந்தது.

எல்லாம் உப்பின் வேலை. டெட்ராய்ட் நகரத்துக்கு அடியில் சுமார் 1,200 அடி ஆழத்தில் ஒரு உப்புச் சுரங்கம் இருக்கிறது. அங்கே வெட்டியெடுக்கும் உப்பு குளிர்காலத்தில் சாலைப் பனியை உருக்கப் போகிறது. சாதாரண உப்பு ஏறத்தாழ மைனஸ் 9 டிகிரி செல்சியஸ் வரைதான் ஒழுங்காக வேலை செய்யும். குளிர் அதற்கும் கீழே போனால் கால்சியம் குளோரைடையும் சேர்த்துத் தெளிக்கிறார்கள். அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் குணம் உடையது. சாலை காய்ந்த பிறகும் வண்டியின் அடிவயிறு காயாது. இரண்டு தகடுகள் மடிந்து சேரும் இடுக்குகளில் சேறும் உப்பும் சேர்ந்து உட்கார்ந்து, உள்ளேயிருந்து வெளியே தின்றுகொண்டு வரும். பெயின்டில் ஒரு கொப்புளம் நம் கண்ணில் படும்போது உள்பக்கம் பாதித் தகடு போயிருக்கும்.

வளைவுத் தகடு மட்டும் தனியாகக் கிடைக்கிறது. அரித்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டு வெல்டிங் வைத்து ஒட்டலாம். முதலில் நானும் அதைத்தான் யோசித்தேன். ஆனால் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்ததும் அந்த எண்ணத்தைக் கைவிட்டேன். தொட்டியின் தரைத் தகட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் ஸ்க்ரூடிரைவர் முனை பட்டவுடன் செதில் செதிலாக விழுந்தன. வெளியே ஒட்டுப் போட்டு அழகு பார்க்கலாம். சுமை ஏற்றினால் தாங்காது. தொட்டியையே மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

இதில் எனக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. மிச்சிகன் மாநிலத்தில் வண்டிகளுக்கு ஆண்டுதோறும் பாதுகாப்புச் சோதனை கிடையாது. வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேசிஸ் எந்த நிலையில் இருக்கிறது, பிரேக் குழாய் எந்த நிலையில் இருக்கிறது என்று யாரும் கேட்கப் போவதில்லை. வண்டிக்காரனே பார்த்தால்தான் உண்டு. தொட்டி மேலே இருக்கும்வரை அதை முழுமையாகப் பார்க்க வழியில்லை. தொட்டியைக் கழற்றினால் பின்பாதிச் சேசிஸ் முழுவதும் இடுப்பு உயரத்தில், நல்ல வெளிச்சத்தில், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். தொட்டி மாற்றும் வேலையில் எனக்குப் பெரிதாகப் பட்டது இதுதான். புதுத் தொட்டியை மட்டும் மாட்டிவிட்டுக் கிளம்புகிறவர்கள் அருமையான வாய்ப்பை வீணாக்குகிறார்கள்.

மாற்றுத் தொட்டியைத் தேடுவது முதல் வேலை. வட அமெரிக்காவில் பழைய ரேஞ்சர் 2011 இறுதியோடு நின்றது. மினசோட்டாவின் செயின்ட் பால் தொழிற்சாலையை மூடியபோது அதுவும் முடிந்தது. 2019-இல் அதே பெயரில் வந்த வண்டி வேறு. ஆகவே புத்தம்புதுத் தொட்டிக்கு ஆசைப்படாமல், உப்பு போடாத தென்மாநில வண்டியிலிருந்து கழற்றியதைத் தேடுவதுதான் புத்திசாலித்தனம். ஐ-75 நெடுஞ்சாலை ஃபுளோரிடாவிலிருந்து ஜார்ஜியா, டென்னசி, கென்டக்கி, ஒஹாயோ வழியாக நேரே மிச்சிகனுக்கு ஏறி வருகிறது. அந்தச் சாலையில் டிரெய்லர்களில் துருப்பிடிக்காத தொட்டிகளும் கதவுகளும் வடக்கே வந்துகொண்டே இருக்கின்றன. அப்படித் தெற்கேயிருந்து வந்த 6 அடித் தொட்டி ஒன்று எனக்குக் கிடைத்தது. நிறம் வேறு, வெயிலில் வெளுத்திருந்தது. தகடு மட்டும் சுத்தம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை மேலே இல்லை, கீழே இருக்கின்றன. குறுக்குச் சட்டங்கள், சக்கர வளைவின் உள்தகடும் வெளித்தகடும் சேரும் மடிப்பு, முன்சுவரின் அடி விளிம்பு, போல்ட் துளைகளைச் சுற்றிய பகுதி. இந்த நான்கும் நன்றாக இருந்தால் மேலே உள்ள நெளிவையும் கீறலையும் பொருட்படுத்தத் தேவையில்லை. நீளத்தையும் அளந்து பார்த்துவிட வேண்டும். ரேஞ்சரில் 6 அடி, 7 அடி என்று இரண்டு அளவுகள் உண்டு. பெட்ரோல் மூடியின் இடமும் பின்விளக்கின் குழியும் நம் வண்டியோடு ஒத்துப்போகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இனி கழற்றும் வேலை. முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றினேன். பின்கதவை இரண்டு பக்கக் கம்பிகளிலிருந்தும் விடுவித்து, பாதி சாய்ந்த நிலையில் ஒரு பக்கத்தைத் தூக்கி, மறுபக்கத்தை உருவினால் வந்துவிடும். கதவு போனாலே கணிசமான கனம் குறைகிறது. பின்விளக்குகளைக் கழற்றி, பல்பு ஹோல்டர்களைத் திருகி எடுத்து, வயர்களைச் சேசிஸ் பக்கமே விட்டுவிட்டேன். பெட்ரோல் மூடிக்குள் நிரப்புக் குழாயின் வாயைத் தொட்டியோடு பிடித்திருக்கும் சிறிய திருகுகளையும் எடுத்துவிட வேண்டும். இதை மறந்துவிட்டுத் தொட்டியைத் தூக்கினால் குழாய் கிழியும். உலோக வாயிலிருந்து எர்த் வயர் ஏதாவது போகிறதா என்றும் பார்த்து, இருந்தால் எங்கே மாட்டியிருந்தது என்று படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. பெட்ரோல் நிரப்பும்போது சேரும் நிலைமின்சாரம் சேசிஸுக்கு இறங்குவது அந்த வயர் வழியாகத்தான்.

பிறகு ஆறு போல்ட்டுகள். 6 அடித் தொட்டியைச் சேசிஸோடு பிடித்திருப்பவை அந்த ஆறுதான். தலையில் நட்சத்திரக் குழி கொண்ட டார்க்ஸ் போல்ட்டுகள். டி-55 பிட் வேண்டும். மேலேயிருந்து தொட்டித் தரை வழியாக இறங்கி, சேசிஸ் தாங்கியில் கிளிப்போடு செருகியிருக்கும் நட்டில் (கிளிப் நட்) போய்ச் சேர்கின்றன. கேட்க எளிது. ஆனால் இந்த வேலையில் பாதி நேரத்தை விழுங்குவது இவைதான்.

சாதாரண போல்ட்டின் தலை தேய்ந்தால் வெளியேயிருந்து பிடிக்க ஏதாவது மிச்சம் இருக்கும். டார்க்ஸ் குழி சிதைந்தால் பிடிக்க எதுவுமே இருக்காது. ஆகவே பிட்டை வைப்பதற்கு முன் குழியைச் சுத்தம் செய்வதில்தான் எல்லாம் இருக்கிறது. உள்ளே மண்ணும் துருவும் பழைய பெயின்டும் சேர்ந்து கெட்டியாக அடைத்திருக்கும். கூரான கொக்கி ஊசியால் ஒவ்வொரு மூலையாகச் சுரண்டி, காற்றடித்து, மறுபடி சுரண்டினேன். அடியில் பளபளப்பான இரும்பு தெரிந்த பிறகுதான் பிட்டை வைத்தேன். வைத்ததும் திருகாமல், சுத்தியலால் பிட்டின் தலையில் ஓங்கி நாலு தட்டு. அது இரண்டு நன்மை செய்கிறது: பிட் குழியின் அடிவரை இறங்கி உட்காரும், அதிர்ச்சியில் மரையில் பிடித்திருக்கும் துருவும் கொஞ்சம் விரிசல் விடும்.

ஊடுருவும் எண்ணெயை முந்தைய வாரம் முழுவதும் அவ்வப்போது அடியிலிருந்து நட்டின் மேல் அடித்து வந்தேன். மேலேயிருந்து அடித்தால் எண்ணெய் போல்ட்டின் தலையோடு நின்றுவிடும், மரைக்குப் போகாது. பிரேக்கர் பார் என்ற நீண்ட கைப்பிடியை மாட்டி, முதலில் இறுக்கும் பக்கம் மயிரிழை அளவு அசைத்துவிட்டு, பிறகு கழற்றும் பக்கம் திருப்பினேன். முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துக்கொண்டே போக வேண்டும். ஒரே மூச்சில் கழற்றப் பார்த்தால் தலை முறியும். கிறீச் என்ற சத்தத்தோடு முதல் போல்ட் அசைந்தபோது கிடைத்த மகிழ்ச்சியை, துருவோடு மல்லுக்கட்டியவர்கள் அறிவார்கள்.

இடப்பக்கம், அதாவது இங்கே ஓட்டுநர் பக்கம், நடு போல்ட் மட்டும் பிடிவாதம் பிடித்தது. போல்ட்டோடு சேர்ந்து கிளிப் நட்டும் சுற்றியது. வலப்பக்கமாக இருந்திருந்தால் கேஸ் டார்ச்சால் நட்டைச் சூடாக்கியிருப்பேன், அல்லது கிரைண்டரால் தலையை அறுத்திருப்பேன். இடப்பக்கம் இரண்டையும் நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. ரேஞ்சரின் பெட்ரோல் டேங்க் அந்தப் பக்கச் சட்டத்தை ஒட்டியே தொங்குகிறது. மெதுவாகச் சுற்றும் டிரில்லில் எண்ணெய் ஊற்றிக்கொண்டே, சிறிய பிட்டில் தொடங்கிப் பெரிய பிட்டுக்குப் போய், தலையைத் துளைத்தே எடுத்தேன். நேரம் பிடித்தது, பொறி பறக்கவில்லை. போல்ட்டைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. புதிய போல்ட்டுகளும் கிளிப் நட்டுகளும் முன்பே வாங்கி வைத்திருந்தேன். இதைத் தொடங்கும் யாரும் முதலில் அவற்றை வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.

தூக்குவதற்கு நான்கு பேர் போதும், மூலைக்கு ஒருவர். முன்சுவர் இருக்கும் பக்கம் கனம் கூடுதலாக இருப்பதால் வலுவானவர்கள் இருவர் அங்கே நிற்க வேண்டும். பின்பம்பர் சேசிஸோடு இணைந்தது. அதைக் கழற்றத் தேவையில்லை. நேராக மேலே தூக்கி, பம்பரைத் தாண்டும் உயரம் வந்த பிறகு பின்னோக்கி நடந்தோம். கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவே இடைவெளி குறைவு என்பதால், கேபினின் பின்சுவரில் தடித்த அட்டையை ஒட்டி வைத்திருந்தேன்.

உதவிக்கு வந்தவர்களில் ஒருவர் நாமக்கல்காரர். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்கு நடுவே வளர்ந்தவர். இப்போது கணினி வேலை; கை மட்டும் இன்னும் பழசை மறக்கவில்லை. தொட்டியை இறக்கி வைத்ததும் நேராகச் சேசிஸிடம் போய் நின்றார்.

"அண்ணா, சுத்தியல் கொடுங்கள். தட்டிப் பார்த்தால் அதுவே சொல்லிவிடும்."

உருண்டை முனை கொண்ட சுத்தியலால் கேபினுக்குப் பின்னால் தொடங்கி, ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இரும்பு கணீரென்று ஒலித்தது. கோயில் மணியை விரலால் சுண்டியதுபோல் அந்த ஒலி சட்டத்தின் ஓரம்வரை ஓடியது. பின்சக்கர அச்சைத் தாண்டியதும் ஒலி மாறியது. வலப்பக்கப் பின் ஷேக்கிள் தாங்கியில் தட்டியபோது 'தப்' என்று ஈரமண்ணில் அடித்த சத்தம். அடுத்த தட்டில் கையகலத் துருப் பாளம் ஒன்று பெயர்ந்து விழுந்தது. எடுத்து விளிம்பைப் பார்த்தேன். புத்தகத்தின் பக்கங்களாக அடுக்கடுக்காக இருந்தது. இரும்பு துருவாகும்போது பருமன் பல மடங்கு பெருகுகிறது. அந்த வீக்கம் அடுத்த அடுக்கை நெம்பித் தள்ளும். திறந்த இடுக்கில் மறுபடி உப்புநீர் நுழையும். பார்வைக்குத் தடிப்பாகத் தெரிந்த தாங்கியில் உண்மையான இரும்பு மிச்சம் இருந்தது காகித அளவுதான்.

"இதை வைத்துக்கொண்டா நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டுவிட்டு, இடப்பக்கத்தையும் தட்டிப் பார்த்தார். அதுவும் அப்படியே. லீஃப் ஸ்பிரிங்கின் பின்முனையைச் சேசிஸோடு இணைப்பவை அந்தத் தாங்கிகள்தான். முறிந்தால் ஸ்பிரிங் மேலே ஏறி, வண்டி ஒரு பக்கமாக உட்காரும்.

அடுத்தது பிரேக் குழாய். டேங்குக்கு மேலாகச் சட்டத்தின் உள்பக்கம் ஓடும் இரும்புக் குழாயை விரல் நகத்தால் வருடினேன். பச்சை நிறத்தில் இருந்திருக்க வேண்டிய பூச்சு கரும்பழுப்பாகப் பொங்கியிருந்தது. ஒரு கிளிப்பின் அடியில் மட்டும் ஈரம். துடைத்தால் கொஞ்ச நேரத்தில் மறுபடி ஈரம். பிரேக் ஆயில் கசியத் தொடங்கியிருந்தது. தொட்டியை எடுக்காமல் இந்த இடத்தைப் பார்க்க எந்த வழியும் இல்லை.

ஆகவே தொட்டியை ஓரமாக வைத்துவிட்டு, அடுத்து வந்த விடுமுறை நாட்களையெல்லாம் சேசிஸுக்கே கொடுத்தேன். முதலில் பெட்ரோலை வெளியேற்றி, டேங்கை இறக்கி, வீட்டுக்கு வெளியே திறந்த இடத்தில் தள்ளி வைத்தேன். காலி டேங்க்தானே என்று பக்கத்தில் வைத்துக்கொண்டு கிரைண்டர் பிடிக்கக் கூடாது. நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க் ஆபத்தானது. உள்ளே பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து நிற்கிறது. டேங்க் வெளியே வந்ததால் அதைத் தாங்கும் பட்டைகளையும் புதிதாக மாற்றிக்கொண்டேன்.

ஷேக்கிள் தாங்கிகள் தொழிற்சாலையில் ரிவெட் அடித்துப் பொருத்தப்பட்டவை. சேசிஸை ஸ்டாண்டுகளில் நிறுத்தி, அச்சுக்குத் தனியாக ஜாக் கொடுத்து, ஸ்பிரிங்கில் இழுவிசை இல்லாமல் செய்த பிறகு ரிவெட் தலைகளைக் கிரைண்டரால் சீவினேன். நடுவில் துளையிட்டு, பன்ச் எனப்படும் தடித்த இரும்புக் குச்சியை வைத்துச் சுத்தியலால் அடித்தால் ரிவெட் பின்பக்கம் விழும். புதிய தாங்கிகளை உறுதி கூடிய கிரேடு 8 போல்ட்டுகளால் பொருத்தினேன். போல்ட் தளர்ந்து ஆடாமல் துளையை நிறைத்து நிற்க வேண்டும். சேசிஸ் துளைகள் நல்லவேளையாக வட்டம் கெடாமல் இருந்தன. அவை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தாலோ, சட்டமே அரித்திருந்தாலோ, தேர்ந்த வெல்டரிடம்தான் போக வேண்டும். அது வீட்டுக் கொட்டகையில் முடிக்கும் வேலை அல்ல.

பிரேக்குக்கு 3/16 அங்குலச் செம்பு-நிக்கல் குழாய் போட்டேன். இரும்புக் குழாயைவிட விலை கூடுதல். ஆனால் உப்பு அதைத் தின்பதில்லை, கையாலேயே வளைக்கலாம். முனைகளை இரட்டை மடிப்பாக விரிக்கும் கருவி அவசியம். ஒற்றை மடிப்பு பிரேக் அழுத்தத்தைத் தாங்காது. அதில் எந்தச் சமாதானமும் செய்துகொள்ளக் கூடாது. பிறகு டாட் 3 வகை பிரேக் ஆயில் ஊற்றி, மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள வலது பின்சக்கரத்தில் தொடங்கிக் காற்றை வெளியேற்றினோம். பின் அச்சின் நடுவிலுள்ள டிஃபரென்ஷியல் பெட்டி மேல் உட்கார்ந்திருக்கும் ஏபிஎஸ் பிரேக் சென்சாரையும் சுற்றிலும் துடைத்துச் சுத்தம் செய்தேன். தொட்டி இருக்கும்போது அதன் கனெக்டரைத் தொடவே உடம்பை மடக்க வேண்டியிருக்கும்.

சேசிஸை வயர் பிரஷ்ஷால் தேய்த்து, துரு மாற்றி திரவம் பூசி, அது கருத்துக் காய்ந்த பிறகு பிரைமர், அதற்கு மேல் கறுப்பு சேசிஸ் பெயின்ட். தாங்கிகளுக்கு உள்ளும் மூடிய மூலைகளிலும் நீளக்குழாய் வழியாக மெழுகு பீய்ச்சினேன். இந்தப் பகுதியை விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. பொறுமை மட்டும் வேண்டும்.

தொட்டியை ஏற்றும் நாளன்று மறுபடி அதே நான்கு பேர். ஏற்றுவதற்கு முன், தாங்கிகளின் மேல் மெல்லிய கெட்டி ரப்பர் துண்டுகளை வைக்கலாம் என்றார் நாமக்கல் நண்பர். அங்கே லாரிக்குப் பாடி ஏற்றும்போது சேசிஸுக்கும் பாடிக்கும் நடுவே மரக்கட்டை கொடுத்து யூ போல்ட்டால் இறுக்குவார்கள். இரும்பு இரும்போடு உரசக் கூடாது என்பது அவர் கருத்து. நான் யோசித்துவிட்டு வேண்டாம் என்றேன். இந்த வண்டியில் போல்ட்டின் இறுக்கம் உலோகத்தோடு உலோகம் அழுந்துவதில்தான் நிற்கிறது. நடுவே ரப்பர் அமுங்கினால் போல்ட் தளரும். அதற்குப் பதிலாகத் தொடும் பரப்புகளில் மெழுகு தாராளமாகப் பூசினோம். அவர் முழு மனதோடு ஒப்புக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன்.

தொட்டி உட்கார்ந்ததும் ஆறு போல்ட்டுகளையும் கையால் மட்டும் நாலு சுற்று இறக்கினேன். துளைகள் போல்ட்டைவிடச் சற்றுப் பெரியவை. தொட்டியை இப்படி அப்படி நகர்த்த அது இடம் தருகிறது. ஒரே தடிப்புள்ள இரண்டு மரப்பட்டைகளைக் கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவே இருபுறமும் செருகி இடைவெளியைச் சமமாக்கினேன். கதவிலிருந்து தொட்டிக்கு ஓடும் பக்கவாட்டு விளிம்பு ஒரே கோடாக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்துவிட்டு, பின்பம்பருக்கும் தொட்டிக்கும் உள்ள தூரத்தையும் அளந்தேன். அதன் பிறகுதான் நடுவிலிருந்து தொடங்கிக் குறுக்கு மறுக்காக, பல சுற்றுகளில் இறுக்கினேன். மரை பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்ட்டி-சீஸ் பசையைப் பூசியிருந்ததால், கையேட்டில் உள்ள இறுக்கத்தைவிடச் சற்றுக் குறைத்தே, இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சை வைத்தேன். பசை உராய்வைக் குறைப்பதால், அதே எண்ணுக்கு இறுக்கினால் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும்.

நிரப்புக் குழாய், எர்த் வயர், விளக்குகள், பின்கதவு எல்லாம் கழற்றிய வரிசைக்கு நேர் எதிராக ஏறின. பேட்டரியை இணைத்து, பிரேக் விளக்கு, இண்டிகேட்டர், ரிவர்ஸ் விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். டேங்கில் பெட்ரோல் ஊற்றி, குழாய் இணைப்புகளில் வாசனை வருகிறதா என்று முகர்ந்தும் பார்த்தாயிற்று.

கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு ஆறு போல்ட்டுகளையும் மறுபடி சரிபார்த்தேன்; இரண்டு மட்டும் லேசாக இடம் கொடுத்தன. பிளாஸ்டிக் உறையை மறுபடி போடவில்லை. அது பெயின்டை உரசி, அடியில் தண்ணீரைத் தேக்கி, துருவை மறைத்தும் வைக்கிறது. தரைக்குத் தெளிப்புப் பூச்சு அடித்துவிட்டேன். இனி ஒவ்வோர் அக்டோபரிலும், சாலையில் உப்பு விழுவதற்கு முன், அடிப்பகுதி முழுவதும் லானோலின் எண்ணெய் தெளிக்க வேண்டும். வெளுத்த நிறத்துக்குப் பெயின்ட் அடிப்பதை அடுத்த கோடைக்கு வைத்திருக்கிறேன். பழைய தொட்டியிலிருந்து நன்றாக இருந்த பின்கதவையும் கொக்கிகளையும் மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை இரும்புக் கடைக்கு அனுப்பியாயிற்று.